ஆளைப் பார்த்து ஆட்டம்: அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் கோச்சின் கணக்கு

1939ஆம் ஆண்டு சிகாகோ பல்கலைக்கழகத்தின் கால்பந்து அணி மிச்சிகனிடம் 85-0 என்று தோற்றது. ஒஹாயோ ஸ்டேட்டிடம் 61-0. சீசன் முடிந்ததும் பல்கலைக்கழகம் கால்பந்து அணியையே கலைத்துவிட்டது. அந்த அணியின் கோச் கிளார்க் ஷானசியைக் கூப்பிட்டு வேலை கொடுத்தது கலிபோர்னியாவின் ஸ்டான்ஃபோர்ட். அங்கேயும் நிலைமை சுகமில்லை. முந்தைய சீசனில் ஒரே ஒரு வெற்றி, ஏழு தோல்வி, ஒரு சமன். ஆனால் 1940இல், பெரும்பாலும் அதே பையன்களை வைத்துக்கொண்டு, ஷானசி ஒரு ஆட்டம்கூடத் தோற்கவில்லை. 1941 ஜனவரி 1 அன்று ரோஸ் பவுல் என்ற சீசன் இறுதி ஆட்டத்தில் நெப்ராஸ்காவை 21-13 என்று வென்றதையும் சேர்த்தால் பத்துக்குப் பத்து.

ஒரே வருடத்தில் என்ன மாறியது என்று கேட்டால், கல்லூரிக் கால்பந்தில் கோச்சின் வேலை என்ன என்பதே விளங்கிவிடும். அதற்கு முன்னால் ஆட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

இது காலால் உதைத்து ஆடும் சாக்கர் இல்லை. தலைக்கவசம் போட்டுக்கொண்டு, இரண்டு முனையும் கூர்மையான பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடும் அமெரிக்கக் கால்பந்து. பக்கத்துக்கு 11 பேர். நான்கு முயற்சிக்குள் பந்தை 10 யார்டு முன்னே கொண்டுபோக வேண்டும். போய்விட்டால் மறுபடி நான்கு முயற்சி கிடைக்கும். ஒவ்வொரு முயற்சிக்கும் நடுவில் ஆட்டம் நிற்கும். எல்லாரும் ஓர் அமைப்பில் போய் நிற்பார்கள். யார் எங்கே நிற்பது, யார் யாரைத் தடுப்பது, பந்து யார் கைக்குப் போவது எல்லாம் முன்கூட்டியே வரைந்து பழகியவை. அந்த வரைவுகளின் மொத்தத்துக்குத்தான் ஸ்கீம் என்று பெயர். பந்தை வாங்கி முடிவெடுப்பவர் குவார்ட்டர்பேக். அவருக்கு முன்னால் சுவர் மாதிரி நிற்கும் ஐந்து கனத்த ஆட்கள் லைன்மேன்கள். பந்தோடு ஓடுபவர் ரன்னிங் பேக். தூரத்தில் போய் வீச்சைப் பிடிப்பவர் ரிசீவர்.

சரி, ஸ்டான்ஃபோர்டுக்கு வருவோம். அந்தக் காலத்தில் பெரும்பாலான அணிகள் சிங்கிள் விங் என்ற அமைப்பில் ஆடின. அதில் பந்து சில அடி பின்னால் நிற்கும் டெயில்பேக்குக்கு நேராகப் போகும். அவரே ஓட வேண்டும், வீச வேண்டும், உதைக்கவும் வேண்டும். முட்டி மோதிக்கொண்டு ஓட உடம்பில் வலு வேண்டும். ஸ்டான்ஃபோர்டில் அந்த இடத்தில் இருந்த ஃபிராங்கி ஆல்பர்ட் சின்ன உருவம், பெரிய வேகமும் கிடையாது. ஆனால் கை சுத்தம். இடது கையால் துல்லியமாக வீசுவார். பந்தை இவரிடம் கொடுப்பதுபோல் காட்டி அவரிடம் கொடுத்து எதிரணியை ஏமாற்றுவதில் கெட்டிக்காரர். ஷானசி கொண்டுவந்த டி ஃபார்மேஷனில் குவார்ட்டர்பேக் நடு லைன்மேனுக்கு ஒட்டினாற்போல் நின்று பந்தைக் கைக்குக் கை வாங்குவார். எதிரணிக்கு முதுகைக் காட்டித் திரும்பினால் பந்து எங்கே என்பது அவர்களுக்குத் தெரியாது. முட்டி ஓடுகிற வேலையை நார்ம் ஸ்டாண்ட்லி போன்ற கனத்த பேக்குகள் பார்த்துக்கொண்டார்கள். ஆல்பர்ட்டுக்கு எது வராதோ அது அவர் தலையிலிருந்து இறங்கிவிட்டது, எது வருமோ அதுவே முழுநேர வேலையாகிவிட்டது.

ஷானசிக்கு அதிர்ஷ்டமும் இருந்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும். டி ஃபார்மேஷன் அவர் கையில் ஏற்கெனவே தயாராக இருந்தது. சிகாகோ பேர்ஸ் என்ற தொழில்முறை அணியோடு சேர்ந்து அதைச் செதுக்கிக்கொண்டிருந்தவர் அவர். அதற்கேற்ற பையன் ஸ்டான்ஃபோர்டில் காத்திருந்தான். எல்லாக் கோச்சுக்கும் இப்படி வாய்க்காது.

தொழில்முறை அணியில் ஆள் பொருந்தவில்லை என்றால் அவரை அனுப்பிவிட்டு வேறொருவரைச் சம்பளம் கொடுத்து எடுக்கலாம். கல்லூரியில் அந்த வசதி வெகுகாலம் இல்லை. பையன் பள்ளியில் படிக்கும்போதே பேசி, உதவித்தொகை கொடுத்துச் சேர்ப்பார்கள். அவன் நான்கைந்து வருடம் இருப்பான். புதிதாக வரும் கோச்சுக்குக் கிடைப்பது முந்தைய கோச் தன் ஸ்கீமுக்காகப் பொறுக்கி எடுத்த பையன்கள். பயிற்சி நேரமும் குறைவு. சீசன் நடக்கும்போது வாரத்துக்கு 20 மணி நேரம்தான் என்பது கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்சிஏஏ அமைப்பின் விதி. படிப்புக்கு நடுவில், அந்த 20 மணி நேரத்துக்குள், 18 வயதுப் பையனுக்குப் புது மொழி ஒன்றைக் கற்றுத்தர வேண்டும்.

இந்த நெருக்கடியில்தான் கல்லூரிக் கால்பந்தின் புதுமைகள் பலவும் பிறந்தன. டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் 1968ஆம் ஆண்டுக் கதை எனக்கு மிகவும் பிடித்தது. கோச் டேரல் ராயலிடம் நல்ல ரன்னிங் பேக்குகள் மூன்று பேர் இருந்தார்கள்: கிறிஸ் கில்பர்ட், டெட் காய், ஸ்டீவ் வோர்ஸ்டர். வழக்கமான அமைப்பில் மூவரையும் ஒரே நேரத்தில் சரியாகப் பயன்படுத்த இடமில்லை. யாராவது ஒருவரை உட்கார வைக்கலாம். ராயலின் உதவிக் கோச் எமரி பெல்லார்டு, மூவரையும் களத்தில் நிறுத்துவதற்கென்றே ஓர் அமைப்பை வரைந்தார். குவார்ட்டர்பேக்கின் பின்னால் ஒருவர், அவருக்குச் சற்றுப் பின்னால் இடமும் வலமும் இருவர். மேலிருந்து பார்த்தால் கோழி நெஞ்சின் கவட்டை எலும்பு மாதிரி இருந்ததால் விஷ்போன் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது.

அதன் உயிர் ஆப்ஷன் என்ற உத்தியில் இருக்கிறது. எதிரணியின் தடுப்பாளர் ஒருவரை வேண்டுமென்றே யாரும் தடுக்காமல் விட்டுவிடுவார்கள். குவார்ட்டர்பேக் ஓடிக்கொண்டே அவரைப் பார்ப்பார். அவர் பந்து வாங்க வருபவர் பக்கம் சாய்ந்தால் பந்தைக் கொடுக்காமல் தானே வைத்துக்கொண்டு ஓடுவார். தன் பக்கம் வந்தால் அடுத்தவருக்குக் கொடுத்துவிடுவார். ஒரு தடுப்பாளரை உடம்பால் தள்ளுவதற்குப் பதில் முடிவெடுக்க வைத்தே தோற்கடிப்பது. அவரைத் தடுக்கத் தேவைப்பட்டிருக்கும் லைன்மேன் இப்போது வேறு இடத்துக்கு உதவப் போகலாம். பலத்தில் குறைந்த அணி எண்ணிக்கையில் கூடுதலாகிவிடுகிறது. பல பத்தாண்டுகளாக இந்த உத்தி வெவ்வேறு உடுப்பில் திரும்பத் திரும்ப வருவதற்குக் காரணம் இந்தக் கணக்குதான்.

1968இல் முதல் ஆட்டம் சமன், இரண்டாவது தோல்வி. குவார்ட்டர்பேக் பில் பிராட்லி ஊரே கொண்டாடிய ஆட்டக்காரர். ஆனால் விஷ்போனில் அவர் கை ஓடவில்லை. ராயல் அவரை மாற்றிவிட்டு ஜேம்ஸ் ஸ்ட்ரீட்டை இறக்கினார். அதற்குப் பிறகு டெக்சாஸ் தொடர்ந்து 30 ஆட்டங்களை வென்றது. ஸ்ட்ரீட் தொடங்கிய 20 ஆட்டத்தில் ஒன்றுகூடத் தோல்வி இல்லை. பிராட்லி என்ன ஆனார்? எதிரணி பந்தோடு வரும்போது களமிறங்கும் தடுப்பு வரிசைக்குப் போனார். பின்னாளில் தொழில்முறை ஆட்டத்தில் 1971, 1972 இரண்டு வருடமும் எதிரணி வீச்சுகளை அதிகமாகப் பறித்தவர் அவர்தான். நட்சத்திரத்தை இடம் மாற்றுவதற்குக் கோச்சுக்கு நெஞ்சுரம் வேண்டும். அதை ஏற்றுக்கொண்டு இன்னொரு இடத்தில் முளைப்பதற்கு அந்தப் பையனுக்கும் அதே அளவு வேண்டும். இப்படிப்பட்ட கதைகளில் பையனின் பங்கை யாரும் அதிகம் பேசுவதில்லை என்பது எனக்கு ஒரு குறை.

மூன்று வருடம் கழித்து அலபாமாவின் பேர் பிரையன்ட் அதே விஷ்போனைக் கற்றுக்கொள்ள ராயலிடமே போனார். ஜோ நேமத், கென் ஸ்டேப்ளர் போன்ற பெரிய குவார்ட்டர்பேக்குகளை உருவாக்கிய மனிதர், ஏற்கெனவே பட்டங்கள் வென்றவர். முந்தைய இரண்டு சீசனும் சரியாகப் போகவில்லை என்பதால் தன் பழைய ஆட்டத்தை மூட்டைகட்டினார். 1971 கோடையில் பத்திரிகைக்காரர்களுக்குப் பழைய ஆட்டத்தைக் காட்டிவிட்டு விஷ்போனை மறைவாகப் பழக்கினார். முதல் ஆட்டத்திலேயே லாஸ் ஏஞ்சலிஸில் யூஎஸ்சியை 17-10 என்று வென்றார்கள். ஒரு வருடம் முன்பு அதே யூஎஸ்சி அலபாமாவின் சொந்த மாநிலத்துக்கு வந்து 42-21 என்று அடித்துவிட்டுப் போயிருந்தது.

இங்கே ஒரு கேள்வி எழும். விஷ்போன் நல்ல ஸ்கீம், அதனால் ஜெயித்தார்கள் என்று சொல்லிவிட்டால் போதாதா? ஓக்லஹோமாவில் 1985இல் நடந்ததைப் பார்த்தால் அது போதாது என்று தெரியும்.

ஓக்லஹோமாவின் கோச் பாரி ஸ்விட்சர் விஷ்போனில் ஊறியவர். 1971இல் அவர் உதவிக் கோச்சாக இருந்தபோது அந்த அணி ஆட்டத்துக்குச் சராசரி 472 யார்டு ஓடியே எடுத்தது. அப்படிப்பட்ட இடத்தில் 1985இல் குவார்ட்டர்பேக்காக இருந்தவர் டிராய் ஐக்மன். உயரமானவர், வீச்சு அற்புதம், ஆப்ஷன் ஓட்டத்துக்கு ஏற்ற கால்கள் இல்லை. ஸ்விட்சர் தனக்குப் பிடித்ததைத் தள்ளிவைத்துவிட்டு, ஐக்மனுக்காக வீச்சைக் கூட்டி ஆட்டத்தை மாற்றினார். அந்த அக்டோபரில் மயாமிக்கு எதிரான ஆட்டத்தில் ஐக்மனுக்குக் கணுக்கால் முறிந்தது, அணியும் தோற்றது. கையில் இருந்தவர் முதலாண்டு மாணவர் ஜமெல் ஹாலவே. வேகக்காரர், ஆப்ஷனுக்கென்றே பிறந்தவர் மாதிரி. ஸ்விட்சர் சீசன் நடுவிலேயே விஷ்போனுக்குத் திரும்பினார். அதற்குப் பிறகு ஓக்லஹோமா தோற்கவே இல்லை. ஆரஞ்சு பவுலில் பென் ஸ்டேட்டை 25-10 என்று வென்று தேசியப் பட்டம் எடுத்தது. அந்த அணியின் தடுப்பு வரிசை அபாரமானது. பட்டத்தில் பெரும்பங்கு அவர்களுடையது என்பதையும் மறக்கக் கூடாது. ஆனால் ஒரே சீசனில் இரண்டு திசையிலும் திரும்ப முடிந்தது எப்படி? மற்ற பத்துப் பேரும் விஷ்போனுக்காகவே சேர்க்கப்பட்டவர்கள், அதைப் பல வருடம் பழகியவர்கள். திரும்பிப்போக அவர்களுக்கு ஒரு வீடு இருந்தது.

ஐக்மனின் கதை அத்தோடு முடியவில்லை. இனி இங்கே தனக்கு இடமில்லை என்று அவருக்குத் தெரிந்தது. ஸ்விட்சரே உதவிசெய்து அவரை யூசிஎல்ஏவுக்கு அனுப்பினார். அங்கே ஆடிய இரண்டு சீசனில் 20 வெற்றி, நான்கே தோல்வி. 1989இல் தொழில்முறை அணிகள் ஆள் எடுத்தபோது முதல் பெயரே அவருடையது. பின்னாளில் இருவரும் டல்லாஸ் கவ்பாய்ஸ் என்ற தொழில்முறை அணியில் கோச்சும் குவார்ட்டர்பேக்குமாகச் சேர்ந்து 1996 ஜனவரியில் சூப்பர் பவுல் வென்றார்கள். ஒரு பையனுக்கு ஏற்ற ஆட்டம் தன்னிடம் இல்லை என்று தெரிந்தபோது அவனை நல்ல இடத்தில் சேர்த்துவிட்டதையும் நான் நல்ல கோச்சிங் கணக்கில்தான் சேர்ப்பேன்.

இனி தோற்ற கதைகள். 2008இல் மிச்சிகனுக்கு வந்த ரிச் ரொட்ரிகஸ், ஸ்பிரெட் ஆப்ஷன் என்ற நவீன ஆட்டத்தின் முன்னோடி. ரிசீவர்களை அகலமாகப் பரப்பி நிறுத்தி, தடுப்பாளர்களை இழுத்துவிட்டு, நடுவில் திறக்கும் இடைவெளியில் குவார்ட்டர்பேக்கே ஓடும் ஆட்டம் அது. மிச்சிகனில் இருந்ததோ நின்று வீசும் ஆட்டத்துக்காகச் சேர்த்த பையன்கள். வலுவான வீச்சுக்காரர் ரயன் மாலட் இந்த ஆட்டத்தில் தனக்கு வேலையில்லை என்று ஆர்கன்சாவுக்குப் போய்விட்டார். இருந்தவர்களுக்கு ஓட வராது. சீசன் மூன்று வெற்றி, ஒன்பது தோல்வி, அதாவது 3-9 என்று முடிந்தது. 33 வருடம் தொடர்ந்து சீசன் இறுதிப் பவுல் ஆட்டத்துக்குப் போய்க்கொண்டிருந்த அணி அந்த வருடம் போகவில்லை. ரொட்ரிகஸுக்காக ஒரு வார்த்தை பேச வேண்டும். நல்ல ஆட்டக்காரர்கள் பலர் அந்த வருடம்தான் படிப்பு முடிந்தும் தொழில்முறைக்குப் போயும் விட்டிருந்தார்கள். எந்த ஸ்கீமை வைத்திருந்தாலும் சிரமப்பட்டிருப்பார். 2010இல் தன் ஆட்டத்துக்கு ஏற்ற டெனார்டு ராபின்சன் கிடைத்தபோது அந்தப் பையன் குவார்ட்டர்பேக்காக 1,702 யார்டு ஓடினான். அப்போதும் தடுப்பு வரிசை பலவீனமாகவே இருந்தது. அந்த சீசன் முடிந்ததும் கோச்சின் வேலை போனது.

ஜார்ஜியா டெக்கில் இது தலைகீழாக நடந்தது. பால் ஜான்சன் 11 வருடம் அங்கே ஆப்ஷன் ஆடினார். 2019இல் வந்த புதுக் கோச் ஸ்பிரெட்டுக்கு மாற்றினார். இங்கேதான் லைன்மேன்களைப் பற்றிப் பேச வேண்டும், ஏனென்றால் செய்திகளில் குவார்ட்டர்பேக்கின் பெயர் மட்டுமே வரும். ஆப்ஷன் ஆட்டத்து லைன்மேன் கொஞ்சம் எடை குறைந்தவர், வேகமானவர். கையை நிலத்தில் ஊன்றி முன்னால் சாய்ந்து நின்று, பந்து எழுந்ததும் பாய்வார். வீச்சு ஆட்டத்து லைன்மேன் கனத்த உடம்போடு பின்னால் அடியெடுத்து வைத்து, கைகளை நீட்டி, மூன்று நான்கு விநாடி எதிரியைத் தாங்கி நிற்க வேண்டும். முன்னே பாய்ந்து பழகிய உடம்பைப் பின்னே நடக்கப் பழக்குவது ஒரு கோடையில் முடிகிற காரியம் இல்லை. குவார்ட்டர்பேக்கை மாற்றுவதைவிட இது கடினம், ஏனென்றால் ஐந்து பேர் ஒரே நேரத்தில் மாற வேண்டும். அந்த சீசனில் ஜார்ஜியா டெக் 3-9. அதில் ஒரு தோல்வி சிட்டடெல் என்ற சிறிய ராணுவக் கல்லூரியிடம், கூடுதல் நேரத்தில் 27-24. சிட்டடெல் ஆடியது ஆப்ஷன்.

அப்படியானால் மாறவே கூடாதா? மாறத்தான் வேண்டும். எதை மாற்றுவது என்பதில்தான் திறமை இருக்கிறது. என் கணிப்பில் நன்றாகச் செய்தவர்கள் பலரும் மொழியை வைத்துக்கொண்டு அழுத்தத்தை மட்டும் மாற்றினார்கள். லிங்கன் ரைலி ஓக்லஹோமாவில் தலைமைக் கோச்சாக இருந்த முதல் மூன்று சீசனில் மூன்று வேறு குவார்ட்டர்பேக்குகள். 2017இல் பேக்கர் மேஃபீல்டு, நின்று வீசுபவர். 2018இல் கைலர் மர்ரி, வீசியும் 4,000 யார்டுக்கு மேல், ஓடியும் 1,000 யார்டுக்கு மேல். 2019இல் ஜேலன் ஹர்ட்ஸ், உறுதியான உடம்புக்காரர், ஓடியே 20 டச்டவுன், அதாவது பந்தை எதிரணியின் கடைசி எல்லைக்குள் கொண்டுசேர்ப்பது. முதல் இருவரும் வருடத்தின் சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்கான ஹைஸ்மன் விருது வாங்கினார்கள், மூன்றாமவர் அதில் இரண்டாம் இடம். லைன்மேன்களுக்கு வேலை பெரிதாக மாறவில்லை. கவுன்ட்டர் என்ற ஓட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கத்து லைன்மேன்கள் இருவர் வரிசையை விட்டு விலகி மறுபக்கம் போய்த் தடுப்பார்கள். மேஃபீல்டு இருந்தபோது பந்து பெரும்பாலும் ரன்னிங் பேக்குக்குப் போனது. மர்ரி, ஹர்ட்ஸ் காலத்தில் அதே தடுப்பின் பின்னால் குவார்ட்டர்பேக்கே ஓடும் வழியும் சேர்ந்தது.

2014இல் ஒஹாயோ ஸ்டேட்டுக்கு இதுவே கைகொடுத்தது. சீசன் தொடங்கும் முன்பே குவார்ட்டர்பேக் பிராக்ஸ்டன் மில்லருக்குக் காயம். அடுத்தவர் ஜே.டி. பாரெட்டுக்கு மிச்சிகன் ஆட்டத்தில் கணுக்கால் முறிந்தது. மூன்றாமவர் கார்டேல் ஜோன்ஸ் அதுவரை ஓர் ஆட்டம்கூடத் தொடங்கியதில்லை. ஆனால் பந்தை வெகுதூரம் வீசுவார். கோச் அர்பன் மையர் பழைய ஓட்டங்களை எசக்கியல் எலியட் கையில் விட்டுவிட்டு, ஜோன்ஸை நீண்ட வீச்சுகள் வீச வைத்தார். விஸ்கான்சினை 59-0, அலபாமாவை 42-35, இறுதியில் ஒரிகனை 42-20. புதிதாகப் பாடம் எடுக்க நேரமே இல்லாத நிலையில், தெரிந்த பாடத்திலேயே பையனுக்கு ஏற்ற பக்கத்தைத் திறந்தார்கள்.

தடுப்பிலும் இது நடக்கும். 2017இல் ஐயோவா ஸ்டேட், முன்வரிசையில் மூன்றே பேரை நிறுத்திவிட்டு எட்டுப் பேரைப் பின்னால் இறக்கி ஆடும் தடுப்புக்கு மாறியது. அந்த முன்வரிசைக்குச் சற்றுப் பின்னால் நிற்கும் நடு லைன்பேக்கர் ஜோயல் லேனிங் முந்தைய வருடம் வரை குவார்ட்டர்பேக். எதிரணிக் குவார்ட்டர்பேக் என்ன யோசிப்பார் என்று அவருக்குத் தெரியாமல் இருக்குமா! அந்த அக்டோபரில் ஓக்லஹோமாவின் சொந்த மைதானத்திலேயே போய் 38-31 என்று ஜெயித்தார்கள்.

இப்போது காலம் மாறிவிட்டது. 2018இல், அணி மாற விரும்பும் ஆட்டக்காரர்கள் பெயர் பதியும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் வந்தது. 2021 முதல் ஆட்டக்காரர்கள் ஒரு வருடம் காத்திருக்காமலே அணி மாறலாம், விளம்பரத்தில் பணமும் சம்பாதிக்கலாம். 2024இல் கர்ட் சிக்னெட்டி இண்டியானாவுக்கு வந்தபோது தன் பழைய அணியிலிருந்து பத்துப் பேருக்கு மேல் கூட்டிவந்தார். முந்தைய வருடம் 3-9 ஆக இருந்த அணி 11-2 ஆனது. ஸ்கீமுக்கு ஏற்ற ஆளை வெளியிலிருந்து எடுத்துவர முடியும்போது இருக்கிற பையனுக்காக யார் மூளையைக் கசக்குவார்கள் என்ற கவலை எனக்கு உண்டு. பொருந்தாமல் தவித்த பையன்களுக்கு இது விடுதலை என்பதும் உண்மை. ஐக்மனுக்கு இருந்த மாதிரி ஒரு கோச்சின் நல்ல மனத்தை நம்பி அவர்கள் இருக்கத் தேவையில்லை.

போர்ட்டல் எளிதில் எட்டாத இடங்களும் இருக்கின்றன. அமெரிக்க ராணுவத்தின் வெஸ்ட் பாயிண்ட் அகாடமி அணிக்கு ஆர்மி என்று பெயர். அங்கே ஆடுபவர்கள் படிப்பு முடிந்ததும் அதிகாரிகளாக வேண்டியவர்கள். ராணுவத்தின் உயர எடைக் கட்டுப்பாட்டுக்குள் வர வேண்டியவர்கள். 150 கிலோ லைன்மேன்களை வரிசையாக நிறுத்த முடியாது. அதனால் பல வருடமாக ஆப்ஷன்தான் ஆட்டம். 2022இல் இடுப்புக்குக் கீழே தடுப்பதற்கான விதி இறுகியதும், 2023இல் ஆர்மி கொஞ்சம் நவீனமாகி, குவார்ட்டர்பேக்கைச் சில அடி பின்னால் தள்ளி நிறுத்தி ஆடிப் பார்த்தது. சீசன் 6-6. 2024இல் பழையபடி நடு லைன்மேனுக்கு ஒட்டினாற்போல் குவார்ட்டர்பேக்கைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். பிரைசன் டேலி என்ற முரட்டு உடம்புக்காரர் அந்த இடத்தில் நின்று 32 டச்டவுன் ஓடினார். ஆர்மி தன் வரலாற்றில் முதல்முறையாக ஒரு கான்ஃபரன்ஸ் பட்டம், அதாவது பல கல்லூரிகள் சேர்ந்த குழுவின் பட்டம் வென்றது. இறுதி ஆட்டத்தில் டுலேனை 35-14.

எட்டு நாள் கழித்து கடற்படை அகாடமியின் அணியான நேவியோடு ஆட்டம். நேவிக்கும் அதே எடைக் கட்டுப்பாடு, அதே ஆப்ஷன் பரம்பரை. ஆனால் அவர்களிடம் இருந்தவர் பிளேக் ஹார்வத், ஓட்டத்தோடு வீச்சும் தெரிந்த பையன். அவருக்காக அந்த வருடம் பழைய ஓட்டங்களோடு வீச்சையும் கலந்து வைத்திருந்தார்கள். அவர் இரண்டு டச்டவுன் ஓடினார், இரண்டு டச்டவுன் வீசினார். நேவி 31, ஆர்மி 13.